பதினோராவது வேகன்

தேவகி என்னிடம் கேட்டது ஒரு பக்கம்தான். பழைய சரக்கு வேகன்களை முப்பத்திரண்டில் ஒரு பங்கு அளவில் செய்து ஈப்போவில் காட்சிக்கு வைக்கும் குழு ஒன்று இருக்கிறது. அதை நடத்துபவர் தேவகி. ஜெலாப்பாங் தொழிற்பேட்டையில் பொறியாளர். ஒவ்வொரு மாதிரிக்குப் பக்கத்திலும் அந்த வேகனில் வேலை செய்த ஒருவர் எழுதிய குறிப்பு இருக்க வேண்டும் என்பது அவருடைய யோசனை.

"மூடுன வேகனுக்கு நீங்கதான் எழுதணும் அங்கிள். முப்பத்தஞ்சு வருஷம் அதுக்கு அடியிலதான கெடந்தீங்க" என்றார்.

எழுத உட்கார்ந்தேன். ஒரு பக்கத்தில் நிற்கவில்லை. படித்துவிட்டு தேவகி இதைக் காட்சியில் வைக்காமல் விடலாம். அதில் எனக்கு வருத்தமில்லை.

நான் ரயில்வேயில் வேகன் பரிசோதகராக இருந்தவன். சுங்கை சிப்புட்டைத் தாண்டி ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தேன். பத்தொன்பது வயதில் அச்சுப் பெட்டிகளுக்கு எண்ணெய் ஊற்றும் ஆளாகச் சேர்ந்தேன். எண்ணெய் வாளி தூக்கியது, பிரேக் கட்டை மாற்றியது, இரண்டு முறை தேர்வில் தோற்றது என்று ஆறு வருடம் போனது. மூன்றாவது முறை தேறினேன். கையில் சுத்தியலும் சட்டைப் பையில் சுண்ணக்கட்டியும் தந்தார்கள்.

எங்கள் வேலை வெளியில் பார்ப்பவர்களுக்கு ஒன்றுமில்லாததுபோல் தெரியும். வண்டி வந்து நின்றதும் ஒரு பக்கமாகப் போய் மறுபக்கமாகத் திரும்பி வர வேண்டும். சக்கரத்தைச் சுத்தியலால் தட்டினால் மணிபோல ஒலிக்க வேண்டும்; தகரம் தட்டியதுபோல் கேட்டால் எங்கோ வெடிப்பு இருக்கிறது. அச்சுப் பெட்டியில் புறங்கையை வைக்க வேண்டும். சுட்டால் உள்ளே எண்ணெய் இல்லை. பிறகு குனிந்து வில்தகடு, பிரேக் கம்பிகள், அவற்றைச் சேர்க்கும் பின்கள். எல்லாம் சரி என்றால் சுண்ணக்கட்டியால் ஒரு கோடு போட்டு நோட்டில் நம்பரை எழுதுவோம். சரியில்லை என்றால் வேகனின் பக்கத்தில் சிவப்பு அட்டையைச் செருகிவிடுவோம். அந்த அட்டை இருக்கும்வரை ஸ்டேஷன் மாஸ்டரே வந்தாலும் அந்த வேகன் நகராது.

இனி அந்த மூடிய வேகன். நான்கு சக்கரம், கீழே இரும்புச் சட்டம், மேலே பலகையால் ஆன பெட்டி, இரண்டு பக்கமும் கதவு. புகை போட்ட ரப்பர் ஷீட், ஈயமணல் மூட்டை, சுண்ணாம்பு, கருவாடு எல்லாம் அதில்தான் போயின. கதவைத் திறந்தவுடன் கடைசியாக என்ன ஏற்றினார்கள் என்று மூக்கே சொல்லிவிடும். வேகனின் பக்கவாட்டில் ஆள் நீளத்துக்கு ஒரு பிரேக் லீவர் இருக்கும். அதைக் கீழே அழுத்திப் பூட்டினால், அடியில் இருக்கும் கம்பிகள் பிரேக் கட்டையைச் சக்கரத்தின்மேல் அழுத்தும். கம்பியும் கம்பியும் சேரும் இடத்தில் விரல் தடிமனுக்கு ஒரு பின். அது நழுவி விழாமலிருக்க அதன் உள்முனையில் ஒரு துளை. துளைக்குள் ஒரு ஸ்ப்ளிட் பின், அதாவது இரண்டு காலாக விரித்துவிடும் சின்னக் கம்பி. வெளியே நிற்பவருக்குத் தடித்த பின்னின் தலை மட்டும் தெரியும். உள்முனையில் அந்தச் சின்னக் கம்பி இருக்கிறதா இல்லையா என்பது கையை உள்ளே விட்டால்தான் தெரியும்.

இதை எனக்குச் சொல்லிக் கொடுத்தவர் எங்கள் ஹெட் எக்சாமினர் நவரத்தினம். யாழ்ப்பாணத்துக் குடும்பம். வெள்ளைக் காற்சட்டையோடு வேகனுக்கடியில் போய் வெள்ளைக் காற்சட்டையோடு வெளியே வருவார். எப்படி என்று எங்களில் யாருக்கும் தெரியாது. அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. நோட்டைக் கொண்டுபோய் நீட்டினால் உடனே கையெழுத்துப் போட மாட்டார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். நோட்டில் ஏதாவது ஒரு வேகன் நம்பரின்மேல் விரலை வைப்பார். எங்கள் எல்லாரையும் 'ஐசே' என்றுதான் கூப்பிடுவார்.

"ஐசே, இதில உம்மட கை போனதோ?"

"பார்த்தேன் சார்."

"பார்த்தனீர் எண்டு தெரியும். கை போனதோ எண்டு கேக்கிறன்."

தயங்கினால் போதும், நோட்டு திரும்பி வந்துவிடும். திட்டு கிடையாது. மறுபடியும் முதல் வேகனிலிருந்து தொடங்க வேண்டும். வெயிலில் நாற்பது வேகனை இரண்டாம் முறை சுற்றியவன் மூன்றாம் முறை பொய் சொல்ல மாட்டான் என்று அவர் நம்பினார் போலிருக்கிறது.

எனக்கு இருபத்தாறு வயது. பெண் பார்க்கப் போகிற நாள் அது. பெண் வீடு பாகான் டத்தோவில். அப்பாவும் அம்மாவும் காரோடு நாலு மணிக்கு ரயில் யார்டு வாசலுக்கே வருவதாக ஏற்பாடு. அதனால் காலையிலேயே புதுச் சட்டையைப் போட்டுக்கொண்டு வேலைக்கு வந்திருந்தேன். முழுக்கை வைத்த வெள்ளைச் சட்டை. மதியத்துக்குமேல் மழை பிடித்துக்கொண்டது. மூன்றரை மணிக்கு, ஊருக்கு வெளியே இருந்த ஒரு சுண்ணாம்புத் தொழிற்சாலைக்குப் போகவேண்டிய பதினொரு காலி வேகன்களைப் பார்க்கச் சொன்னார்கள்.

மழைக்கோட்டை மாட்டிக்கொண்டு போனேன். பத்து வேகன்களை ஒழுங்காகப் பார்த்தேன். கையை விடும்போதெல்லாம் சட்டைக்கையை முழங்கைக்குமேல் சுருட்டிக்கொண்டேன். ஆனால் மழைக்கோட்டுக்குள் அது நழுவி நழுவி இறங்கியது. பத்தாவது வேகனில் கையை வெளியே எடுத்தபோது மணிக்கட்டுப் பட்டையில் கறுப்பாக ஒரு கீற்று. துடைத்தேன், இன்னும் பரவியது. யார்டு வாசலில் கார் ஹாரன் அடித்தது.

பதினோராவது வேகனின் சக்கரத்தைத் தட்டினேன். அச்சுப் பெட்டியைத் தொட்டேன். குனிந்து பார்த்தேன். பின்னின் தலை தெரிந்தது. கையை விடவில்லை. கோடு போட்டேன். நம்பரை எழுதினேன்.

பெண்ணைப் பிடித்திருந்தது. அவளுக்கும் என்னைப் பிடித்திருந்ததாகச் சொன்னார்கள்.

மறுநாள் காலை பத்து மணிவாக்கில் தொழிற்சாலையிலிருந்து போன் வந்தது. ஒரு வேகன் தானாக உருண்டு ஒரு தொழிலாளியின் கால்மேல் ஏறிவிட்டது. நவரத்தினம் அப்போது வேறு வேலையாகத் தூரத்தில் இருந்தார். என்னை முன்னால் போகச் சொன்னார். தொழிற்சாலை லாரி வந்து ஏற்றிக்கொண்டது. போகும் வழியில் டிரைவரிடம் எந்த வேகன் என்று கேட்டேன். "கடேசி வேகன்லா. அதத்தான் மொதல்ல லோடு போடத் தள்ளுனாங்க" என்றார்.

அந்தத் தொழிலாளியின் பெயர் காளிமுத்து. என்னைவிட நாலைந்து வயது மூத்தவர். வேகனை மூட்டை ஏற்றும் மேடைக்குத் தள்ளி நிறுத்தி, பிரேக் லீவரை இறக்கிப் பூட்டிவிட்டு, சக்கரத்துக்கு முட்டுக்கட்டை வைக்க முன்னால் போயிருக்கிறார். அங்கே தண்டவாளம் லேசான சரிவு. பிரேக்கை நம்பித்தான் அவர் சக்கரத்துக்கு முன்னால் குனிந்தார். நான் போய்ச் சேருவதற்குள் அவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருந்தார்கள். காலை விடுவிக்க நாலு பேர் சேர்ந்து வேகனைப் பின்னால் தள்ளியிருந்தார்கள். அந்த அவசரத்தில் யாரோ லீவரைத் தூக்கிவிட்டிருந்தார்கள். ஜல்லியில் ஒற்றை ஜப்பான் சிலிப்பர், அந்த ரப்பர் செருப்பு, கிடந்தது. அதைச் சுற்றி ஆட்கள் நின்றார்கள். அதையேதான் எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

நான் வேகனின் மறுபக்கம் போனேன். அங்கே யாரும் இல்லை. குனிந்து பார்த்தேன். பிரேக் கம்பி ஒன்று கழன்று தொங்கியது. அதைச் சேர்க்கும் பின், தண்டவாளத்தின் இரண்டு குறுக்குக்கட்டைகளுக்கு நடுவே கிடந்தது.

அடுத்து நான் செய்ததற்கு இரண்டு நிமிடம்கூட ஆகியிருக்காது. பின்னை எடுத்தேன். மல்லாந்து உள்ளே நகர்ந்து, கம்பியைத் தூக்கிப் பிடித்து, பின்னைச் செருகினேன். என் பையிலிருந்த ஸ்ப்ளிட் பின்னில் ஒன்றை எடுத்து அதன் துளையில் விட்டுக் கால்களை விரித்தேன். புதுக் கம்பி பளபளத்தது. சேற்றை எடுத்துத் தடவினேன். வெளியே வந்து எழுந்து நின்றேன். கை நடுங்கவில்லை. அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு அருவருப்பாக இருக்கிறது.

அரைமணி நேரம் கழித்து நவரத்தினம் வந்தார். லீவரை இறக்கிப் பார்த்தார். கட்டை சக்கரத்தைக் கவ்வியது. மூன்று முறை இறக்கி ஏற்றிப் பார்த்தார். பிறகு வெள்ளைக் காற்சட்டையோடு உள்ளே போனார். எல்லாப் பின்களையும் ஒவ்வொன்றாகத் தொட்டார். நான் பூட்டிய இடத்தில் அவர் கை கொஞ்சம் கூடுதலாக நின்றதுபோல் எனக்குப் பட்டது. வெளியே வந்து விரல்களைப் பார்த்தார். கைக்குட்டையால் துடைத்தார்.

"ஐசே, நேற்று இதில உம்மட கை போனதோ?"

"போச்சு சார்."

மூக்குக்கண்ணாடியைத் துடைக்கவில்லை. தலையை மட்டும் ஆட்டினார். அவருடைய அறிக்கையில் வேகன் நல்ல நிலையில் இருந்தது என்று எழுதினார். அதற்குப் பிறகு அவர் ஓய்வுபெறும்வரை என்னிடம் அந்தக் கேள்வியைக் கேட்கவேயில்லை. மற்ற எல்லாரிடமும் கேட்டார். என் நோட்டை நீட்டினால் பேசாமல் கையெழுத்துப் போட்டார். என்னை நம்பியதாலா, நம்பாததாலா? அவர் இறந்து பல வருடம் ஆகிறது. அவர் இருந்தவரை கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

தொழிற்சாலை ஆபீசில் விசாரணை நடந்தது. வேகன் சரியாக இருந்தால் அது உருண்டதற்குக் காரணம் பிரேக்கை இறக்காததுதான். அப்படித்தான் பேச்சுப் போனது. காளிமுத்துவிடம் ஆஸ்பத்திரிக் கட்டிலில் எழுதி வாங்கிய வாக்குமூலத்தைப் படித்தார்கள். 'பிரேக் இறக்கினேன், பூட்டினேன்' என்று அதில் இரண்டு இடத்தில் இருந்தது. அங்கிருந்த மேற்பார்வையாளர் ஒருவர், காளிமுத்துவிடம் அன்று காலை கள் வாடை அடித்தது என்றார். ஒருவர் சொன்னதும் இன்னொருவருக்கும் அது நினைவுக்கு வந்தது. என்னிடம் ஒரே கேள்வி. சோதித்தீர்களா? சோதித்தேன். நன்றி, போகலாம். காளிமுத்துவுக்கு இடது கால் முழங்காலுக்குக் கீழே போனது. வேலையும் போனது. குடித்திருந்ததால் நடந்த விபத்து என்று எழுதி முடித்தார்கள்.

இரண்டு மாதத்தில் எனக்குக் கல்யாணம். பிறகு பதவி உயர்வு. பிற்பாடு நவரத்தினத்தின் நாற்காலியிலேயே உட்கார்ந்தேன். இதற்கிடையே நான் எனக்கே ஒரு கதை சொல்லிக்கொண்டேன். யார்டிலிருந்து கிளம்பும்போது ஸ்ப்ளிட் பின் இருந்திருக்கும். போகிற வழியில் அதிர்ச்சியில் முறிந்து விழுந்திருக்கும். கையை விட்டிருந்தாலும் நல்ல பின்னைத்தான் தொட்டிருப்பேன். நடக்கக்கூடிய விஷயம்தான் அது. அந்தக் கதையோடு நாற்பது வருடத்துக்குமேல் ஓட்டிவிட்டேன்.

வேகன்களும் ஒவ்வொன்றாகப் போயின. பலகை போய் இரும்புத் தகடு வந்தது. நான்கு சக்கரம் போய் எட்டுச் சக்கரம் வந்தது. பிறகு கொள்கலன். தொழிற்சாலைகளுக்குப் போன பக்கத் தண்டவாளங்களைப் பெயர்த்தார்கள். நான் ஓய்வு பெற்றேன். என் மனைவி நீரிழிவில் போய்ச் சேர்ந்தாள். புந்தோங் வீட்டில் பகல் முழுக்க ஃபேன் சுற்றுவதைப் பார்த்துக்கொண்டிருந்தவன், ஒருநாள் பித்தளைத் தகடும் அட்டையும் வாங்கிவந்து அளவு பார்த்து வெட்டத் தொடங்கினேன். எண்ணெய் வேகன், மேலே திறந்த வேகன், மரம் ஏற்றும் வேகன் என்று எட்டு செய்தேன். அதைப் பார்த்துத்தான் தேவகி என்னைத் தேடி வந்தார். மூடிய வேகனை மட்டும் நான் செய்யவில்லை. அளவு நினைவில்லை என்று சொன்னேன்.

அவர் விடுகிற ஆள் இல்லை. முன்பு ரப்பர் தோட்டமாக இருந்து இப்போது செம்பனை நிற்கும் ஓர் இடத்தில், சக்கரமில்லாமல் வெறும் பெட்டியாக ஒன்றைக் கண்டுபிடித்துவிட்டார். அதில் உர மூட்டை வைத்திருந்தார்கள். என்னையும் கூட்டிப்போய் ஒவ்வொரு பலகையாக அளந்தார். அடிச்சட்டம் அங்கே இல்லாததால் எங்கிருந்தோ பழைய வரைபடம் ஒன்றின் நகலை வாங்கிவந்தார்.

"அடியில இருக்கிறத யாரும்மா பார்க்கப் போறாங்க?" என்றேன்.

"நாங்க திருப்பிப் பார்ப்போம் அங்கிள். பிரேக் கம்பி எல்லாம் உண்மையிலயே அசையணும்."

செய்ய மூன்று மாதம் ஆனது. ஒரு சாண் நீள வேகன். கடைசியாக பிரேக் கம்பிகளைச் சேர்க்கும் பின்கள். குண்டூசித் தடிமனுக்கு ஒரு கம்பி, அதில் முடி நுழையும் அளவுக்கு ஒரு துளை. ஒரு பின்னின் துளையை, பக்கத்தில் பற்றவைத்த ஈயம் ஓடி அடைத்துக்கொண்டது. ஊசியை எடுத்துக் குத்தினேன். ஈயத்தூள் மேசையில் உதிர்ந்தது.

கை அப்படியே நின்றுவிட்டது.

அன்று வேகனுக்கடியில் மல்லாந்து கிடந்தபோது புது ஸ்ப்ளிட் பின் நேராக உள்ளே போகவில்லை. துளை அடைத்திருந்தது. பையில் இருந்த ஓர் ஆணியை எடுத்துக் குத்தினேன். துரு செதில் செதிலாக என் முகத்தில் விழுந்தது, கண்ணை மூடிக்கொண்டேன். பழைய ஸ்ப்ளிட் பின் வழியில் முறிந்து விழுந்திருந்தால் துளை பளபளப்பாக இருக்கும். துரு பிடித்து அடைக்க எத்தனையோ மாதம் வேண்டும். அந்த வேகன் என்னிடம் வந்தபோதே அதில் ஸ்ப்ளிட் பின் இல்லை. கையை விட்டிருந்தால் முதல் தொடுகையிலேயே தெரிந்திருக்கும். சிவப்பு அட்டையைச் செருகிவிட்டுக் காரில் ஏறியிருப்பேன்.

இது எனக்கு எப்போதும் தெரியும். தெரியாததுபோல் இருக்கக் கற்றுக்கொண்டிருந்தேன்.

காளிமுத்துவைக் கண்டுபிடிக்க ஒரு வாரம்கூட ஆகவில்லை. புந்தோங் கோயிலில் அந்தத் தொழிற்சாலையின் பழைய ஆள் ஒருவரிடம் கேட்டேன். "முத்தண்ணனா? ஜெலாப்பாங்ல மகளோட இருக்காருலா" என்றார். மாதிரியை எடுத்துப் போகவில்லை. காலைக் கொண்டுபோன வண்டியை விளையாட்டுச் சாமான் அளவில் அவர் முன்னால் நீட்ட எனக்கு மனம் வரவில்லை.

அடுக்குமாடியில் கீழ்த்தளம். மகள் செல்வி கதவைத் திறந்தார், ஐம்பது வயதிருக்கும். ரயில்வேயில் இருந்தவன், அப்பாவைப் பார்க்கவேண்டும் என்றேன். காளிமுத்து பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். மெலிந்த உடம்பு. செயற்கைக் கால் சுவரோரம் சாய்த்து வைத்திருந்தது. சுவரில் மாலை போட்ட ஒரு பெண்மணியின் படம்.

"யாரு தம்பி? முகம் புடிபடல."

"அண்ணே, அந்த வேகன சோதிச்சு அனுப்புனது நான்தான்."

நான் நின்றபடியே சொன்னேன். உட்காரத் தோன்றவில்லை. "பிரேக்ல ஒரு பின் சரியா இல்லண்ணே. நான் கைய விட்டுப் பார்க்கல. மறுநாள் வந்து, கீழ விழுந்து கெடந்தத எடுத்து, யாருக்கும் தெரியாம திரும்ப மாட்டிட்டேன். பார்த்தேன்னு பொய் சொல்லிட்டேன்."

செல்வி டிவியை அணைத்தார்.

காளிமுத்து தன் வலது கையையே பார்த்துக்கொண்டிருந்தார். "அப்ப நான் பிரேக் எறக்குனேன்லா?" என்றார்.

"எறக்குனீங்கண்ணே. பூட்டியும் இருந்தீங்க."

"எறக்குனேன்." தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். "எத்தன பேருகிட்ட சொன்னேன். ஒருத்தனும் நம்பல. சொல்லிச் சொல்லி எனக்கே சந்தேகம் வந்துருச்சு தம்பி. அன்னைக்குக் காலைல தேத்தண்ணிதான் குடிச்சேன்னு தெரியும். ஆனா எல்லாரும் சொல்றப்ப, ஒருவேள குடிச்சுதான் இருந்தோமோ, மறந்துட்டோமோன்னு... கடேசில ஆமா, என் தப்புதான்னு ஒத்துக்கிட்டேன். வீட்டுல சண்ட ஓயட்டுமேன்னு."

செல்வி என் பக்கம் திரும்பினார். "அப்பா குடிச்சிருந்தாருன்னு நீங்க சொன்னீங்களா?"

"நான் சொல்லலம்மா. சொன்னப்ப பேசாம நின்னேன்."

"அம்மா அத நம்புனாங்க. குடிச்சுட்டு காலத் தொலச்ச ஆளுன்னு சாவுற வரைக்கும் சொன்னாங்க. நாங்க மூணு பிள்ளைங்களும் அதக் கேட்டுத்தான் வளர்ந்தோம். நானும் சொல்லியிருக்கேன், இவரு மூஞ்சிக்கு நேரா." அவர் குரல் உயரவில்லை. "அம்மா போயி எட்டு வருஷம் ஆவுது. இவ்ளோ நாளா நீங்க எங்க இருந்தீங்க?"

"புந்தோங்ல."

"புந்தோங்கா?"

மோட்டாரில் கால் மணி நேரம்.

செல்வி உள்ளே போய் ஒரு நோட்டையும் பேனாவையும் கொண்டுவந்து மேசைமேல் வைத்தார். "எழுதிக் குடுங்க. சொன்னதெல்லாம். தம்பிங்களுக்குக் காட்டணும்."

எழுதினேன். முப்பத்தைந்து வருடம் வேகன் நம்பர் எழுதிய அதே பெரிய எழுத்தில் எழுதினேன். பெயரைப் போட்டு, கையெழுத்துப் போட்டு, அடையாள அட்டை எண்ணையும் எழுதினேன். செல்வி நின்றுகொண்டே சத்தமாகப் படித்தார். பாதியில் நிறுத்திவிட்டுத் தொடர்ந்தார். முடித்ததும் காளிமுத்து, "பிரேக்குன்னு வருதே, அந்த எடத்த இன்னொரு தடவ படி" என்றார். படித்தார். "இன்னொரு தடவ" என்றார்.

மன்னிப்புக் கேட்க வாய் வந்தது. கேட்டேன். அவர் காதில் விழுந்ததா என்று தெரியாது. படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வாசலில் செருப்பைப் போட்டுக்கொண்டு திரும்பி, "போயிட்டு வாரேண்ணே" என்றேன்.

"போங்க" என்றார். 'போயிட்டு வாங்க' என்று சொல்லவில்லை.